மருந்தடிக்கும் முன் பரிசோதித்துப் பாருங்கள்: லயத்து மூட்டைப்பூச்சி பற்றி ஒரு திறந்த மடல்

நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் தோட்டப்புறச் சுகாதாரத்துக்குப் பொறுப்பான சுகாதார வைத்திய அதிகாரிகளுக்கும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களுக்கும், தோட்ட நிருவாகங்களில் நலன்புரி வேலை பார்ப்பவர்களுக்கும்,

வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் மூட்டைப்பூச்சிக்கு மருந்தடிக்க இனி ஆள் அனுப்பும் முன், அங்கே மூட்டைப்பூச்சிதான் இருக்கிறதா, இருந்தால் லயத்தின் எந்தெந்தக் காம்பராவில் (குடும்பம் ஒன்று இருக்கும் அறையில்) இருக்கிறது என்று பரிசோதித்துப் பாருங்கள். சில நிமிடங்களில் விடை சொல்லும் பரிசோதனைகள் இப்போது உண்டு. சிலதைக் காசு கொடுத்து வாங்கவே தேவையில்லை. எல்லாமே நம் லயத்துக்குப் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். எது பொருந்தும், எது நம்மை ஏமாற்றும் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

நான் தோட்டப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். பிறந்து வளர்ந்ததும் லயத்தில்தான். முதலாம் பாடவேளையிலேயே பிள்ளை தூங்கி விழுந்தால், அது இரா முழுக்கப் படித்ததால் அல்ல என்பது மலையகத்தில் படிப்பிக்கும் எல்லோருக்கும் தெரியும். குளிருக்குச் சுவெட்டரும் தொப்பியும் போட்டுக்கொண்டு படுக்கும் பிள்ளைக்குக் கழுத்தைச் சுற்றியும் கன்னத்திலும் மணிக்கட்டிலும்தான் கடி விழும். துணி எங்கே முடிகிறதோ அங்கே தடிப்பு ஆரம்பிக்கும். சில நேரம் மூன்று நான்கு தடிப்புகள் வரிசையாக இருக்கும்.

போன தவணையில் ஆறாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தியின் கொலரிலிருந்து ஒரு பூச்சி இறங்கி மேசையில் ஓடியது. அரை சென்ரிமீற்றர் நீளம் இருக்கும். தட்டையான உடம்பு, செங்கபில நிறம். பக்கத்தில் இருந்தவன் அதை அடிமட்டத்தால் நசுக்கினான். கொத்தமல்லி இலையைக் கசக்கியது போல ஒரு வாடை வந்தது. பின் வாங்கிலிருந்து, "அவங்க லயம் பூரா அதுதான் சார்" என்று ஒரு குரல். வகுப்பே சிரித்தது. அடுத்த நாள் அந்தப் பிள்ளை பாடசாலைக்கு வரவில்லை.

அவளுடைய அம்மா பிறகு என்னைப் பார்க்க வந்தார். "டிஸ்பென்சரில சொறின்னு மருந்து குடுத்தாங்க சார். வீட்ல எல்லாருமே பூசிக்கிட்டோம். பிள்ளைக்கு எரிச்சல் தாங்கல. ஆனா கடி நிக்கல."

மருந்து கொடுத்தவரைக் குறை சொல்ல மாட்டேன். சொறியும் இரவில்தான் அரிக்கும், மூட்டைப்பூச்சியும் இரவில்தான் கடிக்கும். இரண்டும் ஒரே வீட்டில் பலருக்கு ஒரே காலத்தில் வரும். வரிசையில் அறுபது பேர் நிற்கும்போது விரல் இடுக்கில் சிரங்கு இருக்கிறதா, கழுத்தில் மட்டும்தான் தடிப்பா என்று ஒவ்வொருவரையும் விளக்கு வெளிச்சத்தில் பார்க்க யாருக்கு நேரம்? அதுவும் போக, கடித்த அடையாளத்தை வைத்து மூட்டைப்பூச்சி என்று உறுதியாகச் சொல்ல ஒரு தோல் வைத்திய நிபுணராலும் முடியாது. ஒரே கட்டிலில் படுக்கும் பாட்டிக்கு ஒன்றும் இருக்காது, பேத்திக்கு முகமெல்லாம் வீங்கியிருக்கும். இருவரையும் கடித்தது ஒரே பூச்சி. பாட்டியின் உடம்பு அதைக் காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். தோலைப் பார்த்துத் தெரியாததைக் கட்டிலைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்போது நடப்பது என்ன? காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டில் யாராவது முறைப்பாடு சொன்னால், சில கிழமைகள் கழித்து ஒருவர் பம்ப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு வருவார். முறைப்பாடு சொன்ன காம்பராவுக்கு மட்டும் அடிப்பார். லயம் என்பது ஒரு சுவரை இரண்டு குடும்பம் பகிர்ந்துகொள்ளும் கட்டடம். முதுகோடு முதுகு சேர்ந்த இரட்டை லயம் என்றால் மூன்று பக்கமும் பிறத்தியார் சுவர். கூரைத் தகரத்துக்குக் கீழே சுவர் எட்டாத இடைவெளி வேறு. இந்தப் பக்கம் மருந்தடித்தால் பூச்சி அந்தப் பக்கம் நகரும். மாதம் ஒன்று போனதும் அடுத்த காம்பராக்காரர் பெரட்டில் முறைப்பாடு சொல்வார்.

அந்த மருந்தாவது கொல்லுமா என்றால், அதிலும் சந்தேகம் உண்டு. நமக்குப் பக்கத்திலேயே இருக்கும் பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இலங்கையில் பிடித்த மூட்டைப்பூச்சிகளை வைத்துச் செய்த ஆய்வு 2007 இல் வெளிவந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட வகைப் பூச்சிகொல்லிகளுக்கு அவை எதிர்ப்பு வளர்த்துக்கொண்டிருப்பதை அது காட்டியது. உலகம் முழுக்க இதே கதைதான். பரவலாக அடிக்கப்படும் பைரித்திரொயிட் வகை மருந்துக்குச் சாகாத மூட்டைப்பூச்சி இன்று பல கண்டங்களிலும் உண்டு.

அடித்தும் சாகாவிட்டால் சனம் சும்மா இருக்குமா? தோட்டத்துக்குக் கீழே மரக்கறித் தோட்டம். கோவாவுக்கும் லீக்ஸுக்கும் அடிக்கும் மருந்து போத்தலில் கைக்கு எட்டுகிறது. அதைக் கட்டில் சட்டத்துக்கும் மெத்தைக்கும் அடித்துவிட்டு, ஒரேயொரு சின்ன ஜன்னலையும் குளிருக்குப் பயந்து சாத்திவிட்டு, அதே கம்பளியைப் போர்த்திப் படுத்த குடும்பத்தை எனக்குத் தெரியும். காலையில் பிள்ளை வாந்தி எடுத்தது. பூச்சி மூன்றாம் நாள் திரும்பி வந்தது.

இதை எழுதும்போது எனக்கு ஒரு கோபம் வருவதை மறைக்க விரும்பவில்லை. தேயிலைக்கு நோயோ பூச்சியோ என்றால் தோட்டத்தில் எப்படி வேலை நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். மலைக்குப் போய்ப் பார்ப்பார்கள், எந்த வயலில் எவ்வளவு சேதம் என்று கணக்கெடுப்பார்கள், தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் சிபாரிசைப் பார்ப்பார்கள். கொழுந்தில் மருந்து எஞ்சினால் யப்பான்காரரும் ஐரோப்பாக்காரரும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. அந்தக் கொழுந்தைப் பறிக்கிறவர் படுக்கும் இடத்துக்கு மருந்தடிக்க மட்டும் கணக்கெடுப்பும் கிடையாது, சிபாரிசும் கிடையாது.

சரி, பரிசோதனைக்கு வருவோம்.

கொவிட் காலத்தில் நீங்களே தோட்டம் தோட்டமாக வந்து மூக்கில் குச்சி விட்டு ரெபிட் அன்டிஜன் டெஸ்ட் செய்தீர்கள். குச்சியைத் திரவத்தில் கலக்கி, சொட்டு விட்டு, கோடு ஒன்றா இரண்டா என்று பார்த்தீர்கள். மூட்டைப்பூச்சிக்கும் அதே தத்துவத்தில் ஒன்று இருக்கிறது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைட் வளாக ஆய்வாளர்கள் இருவர் அப்படியொரு பரிசோதனைப் பட்டியை உருவாக்கிய ஆய்வை 2020 இல் வெளியிட்டார்கள். பூச்சியைக் கண்ணால் காணத் தேவையில்லை. அது நடமாடிய இடத்தைப் பஞ்சுக்குச்சியால் துடைத்தால், விட்டுச்சென்ற புரதம் குச்சியில் ஒட்டும். அந்தப் புரதத்தை மட்டும் பிடிக்கும் பிறபொருளெதிரி பட்டியில் இருக்கிறது. புரதம் இருந்தால் கோடு விழும்.

இதில் நம் மலைநாட்டுக்கென்றே ஒரு நன்மை உண்டு. இரத்தக் கறையைக் காட்டித் தரும் வேறு வகைப் பரிசோதனைகளும் வெளிநாடுகளில் பாவனையில் உண்டு. மூட்டைப்பூச்சியின் எச்சத்தில் இரத்தம் இருப்பதால் அதை அவை காட்டும். அது நம் லயத்துக்கு உதவாது. காரணம் அட்டை. மழைக்காலத்தில் கொழுந்து எடுத்துவிட்டு வருகிறவர்களின் காலில் அட்டைக்கடி இல்லாத நாளே கிடையாது. அட்டை கடித்த இடத்தில் இரத்தம் லேசில் உறையாது என்பதால் போர்வையிலும் மெத்தையிலும் கறை இருந்துகொண்டே இருக்கும். நுளம்பை அடித்த கறை சுவரில் இருக்கும். இரத்தத்தைத் தேடும் பரிசோதனை எல்லா வீட்டிலும் "இருக்கிறது" என்றே சொல்லும். யாராவது மலிவாகக் கிடைக்கிறது என்று அதை வாங்கித் தந்துவிட வேண்டாம். பூச்சிக்கே உரிய புரதத்தைத் தேடும் பரிசோதனையாக இருந்தால் அட்டையும் நுளம்பும் அதைக் குழப்பாது.

ஆனால் அதையும் நாளைக்கே கொள்வனவு செய்துவிடாதீர்கள். மூட்டைப்பூச்சியில் மனிதனைக் கடிக்கும் முக்கிய இனங்கள் இரண்டு. குளிர்நாடுகளில் பரவலாக இருப்பது சிமெக்ஸ் லெக்டுலேரியஸ். வெப்பநாடுகளில் இருப்பது சிமெக்ஸ் ஹெமிப்டெரஸ். பேராதனை ஆய்வில் இருந்தது இரண்டாவது இனம். மேலைநாட்டுப் பரிசோதனைகள் பொதுவாக முதலாவது இனத்தை மனதில் வைத்தே உருவாக்கப்படுகின்றன. நம்முடைய பூச்சிக்கும் அந்தப் பட்டி கோடு காட்டுமா என்பதை இங்கே செய்து பார்த்த பிறகுதான் காசு செலவழிக்க வேண்டும். நுவரெலியாக் குளிரில் இருப்பதும் கண்டியில் இருப்பதும் ஒரே இனமா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். தலைக்குப் பின்னால் இருக்கும் தகட்டின் அகலத்தைப் பார்த்தே இரண்டையும் பிரித்தறியலாம், நுணுக்குக்காட்டி ஒன்று போதும். ஆய்வுகூடமும் ஆட்களும் பேராதனையில் இருக்கிறார்கள். ஹட்டனிலிருந்து பஸ் ஏறினால் அரைநாள் பயணம்கூட இல்லை.

பட்டியை எங்கே நம்பலாம், எங்கே நம்பக் கூடாது என்பதும் முக்கியம். கோடு விழாவிட்டால் குச்சி தொட்ட இடத்தில் ஒன்றும் சிக்கவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். வீட்டில் பூச்சியே இல்லை என்று சான்றிதழ் கொடுத்துவிடக் கூடாது. அதனால் எங்கே துடைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மெத்தையின் நடுவைத் துடைத்துப் பிரயோசனம் இல்லை. மெத்தை ஓரத்தில் மடித்துத் தைத்த தையல், கட்டில் சட்டமும் காலும் பொருந்தும் மூலை, ஆணி கழன்ற ஓட்டை, கயிற்றுக் கட்டில் என்றால் கயிறு சட்டத்தில் சுற்றும் இடம், தலைமாட்டுச் சுவரில் சாமிப் படத்துக்கும் கலண்டருக்கும் பின்புறம், காம்பராவை இரண்டாக மறைக்கும் பலகைத் தட்டியின் இடுக்கு, இவைதான் இடம். பயணப் பையின் அடித்தையலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கொழும்பில் கடையிலும் போர்டிங்கிலும் இருக்கும் பிள்ளைகள் தீபாவளிக்குக் கொண்டுவரும் பையில் பட்டாசும் உடுப்பும் மட்டும் வருவதில்லை.

கோடு விழுந்தாலும் ஒரு கேள்வி மிச்சமிருக்கும். பூச்சி இப்போது இருக்கிறதா, முன்பு இருந்ததா? அது விட்டுச்செல்லும் பொருட்கள் சுலபத்தில் அழிவதில்லை. மூட்டைப்பூச்சியின் எச்சத்தில் இருக்கும் ஹிஸ்டமின் என்ற பொருள், பூச்சி ஒழிக்கப்பட்ட பிறகும் மாதக்கணக்கில் வீட்டுத் தூசியில் தங்கியிருப்பதை அமெரிக்காவின் வட கரோலினா ஆய்வாளர்கள் 2018 இல் காட்டினார்கள். புரத எச்சமும் மருந்தடித்த மறுநாளே மறைந்துவிடும் என்று எண்ண முடியாது. ஆகவே மருந்தடித்த பிறகு "போய்விட்டதா" என்று பார்க்க இந்தப் பட்டியை எடுக்காதீர்கள். எங்கே தொடங்க வேண்டும் என்பதைத்தான் அது காட்டும். முடிந்ததா என்று பார்க்க உயிருள்ள பூச்சியைப் பிடிக்கும் பொறி வேண்டும்.

பொறி என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். அகலமான பிளாஸ்டிக் கிண்ணத்துக்குள் சின்னக் கிண்ணம், அதற்குள் கட்டில் கால். வெளிச்சுவரில் துணிப்பட்டி ஒட்டினால் பூச்சி ஏறி உள்ளே விழும், வழுக்கும் உட்சுவரில் ஏறி வெளியேற முடியாது. அமெரிக்காவில் இது கண்ணால் தேடுவதைவிட நன்றாகவே வேலை செய்திருக்கிறது. மோப்ப நாயைக்கூட அவ்வளவு நம்ப முடியாது. குடியிருப்புகளில் நாய்களை வைத்துச் செய்த ஒரு ஆய்வில், 2014 இல் வெளிவந்தது, பூச்சி இருந்த வீடுகளில் அவை சராசரியாகக் கண்டுபிடித்தது 44 வீதம்தான். ஆனால் நம் பூச்சி பொறியிலும் வேலையைக் காட்டும். வெப்பநாட்டு இனத்தின் கால் அமைப்பு வேறு. வழுக்கும் சுவரிலும் அது ஏறிவிடும் என்பதை மலேசிய ஆய்வாளர்கள் பங்குகொண்ட ஆய்வொன்று 2017 இல் எடுத்துக்காட்டியது. அதனால் உட்சுவரில் டெல்கம் பவுடர் பூச வேண்டும். நம் ஊர்ப் பனிமூட்டத்தில் பவுடர் ஈரமாகிக் கட்டிபட்டுவிடும் என்பதால் அடிக்கடி துடைத்துப் புதிதாகப் பூச வேண்டும். அதைவிட, லயத்தில் எத்தனை பேர் கட்டிலில் படுக்கிறார்கள்? ஒரு காம்பராவில் ஆறு பேர் என்றால் கட்டில் ஒன்று, மிச்சப் பேர் பாயில். பாய் விரிக்கும் சுவர் ஓரத்திலும் பொறி வைக்க வேண்டும். இதையெல்லாம் வெளிநாட்டுக் கைநூல் எழுதினவர் யோசித்திருக்க மாட்டார்.

பட்டியும் பொறியும் வந்து சேரும் வரை கையில் இருப்பது ஈரப் பஞ்சு. மரத்திலோ தையலிலோ கறுப்புப் புள்ளி தெரிந்தால் ஈரப் பஞ்சால் தேய்த்துப் பாருங்கள். மூட்டைப்பூச்சியின் எச்சம் என்றால் மை கரைந்த மாதிரி செங்கறுப்பாக இழுபடும். கரப்பான் எச்சம் குருணையாக உதிரும். அட்டைக்கடிக் கறை படர்ந்து பெரிதாக இருக்கும், இப்படிப் புள்ளி புள்ளியாக இடுக்கில் கூடியிருக்காது. கூடவே வெள்ளை முட்டையும், உரித்துப் போட்ட தோலும் கண்டால் வேறு பரிசோதனை தேவையே இல்லை. விரைவுப் பட்டி கண்ணுக்கு ஒன்றும் அகப்படாத, ஆனால் கடி நிற்காத வீடுகளுக்குத்தான் வேண்டும். ஆகவே பரிசோதகர் ஒருவரின் பையில் கொஞ்சம் இருந்தாலே போதும், வீட்டுக்கு வீடு பங்கிட வேண்டியதில்லை.

எப்போது வருவது என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீங்கள் பகல் பத்து மணிக்கு வந்தால் லயத்தில் கிழவரும் நாயும்தான் இருப்பார்கள். பெண்கள் மலையில். பூட்டிய காம்பராக்களை விட்டுவிட்டு, திறந்திருந்த இரண்டைப் பார்த்துவிட்டு, "பரிசோதிக்கப்பட்டது" என்று புத்தகத்தில் எழுதுவதால் ஒரு பயனும் இல்லை. மடுவத்தில் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு அவர்கள் வந்த பிறகு, அல்லது ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். ஒரு காம்பராவில் கண்டால் ஒட்டியிருக்கும் எல்லாக் காம்பராவையும், இரட்டை லயமானால் பின்பக்கத்தையும் அன்றே பாருங்கள். மருந்தோ கொதிநீரோ ஆவியோ எதுவானாலும் எல்லா வீட்டுக்கும் ஒரே நாளில் நடக்க வேண்டும். வெயிலில் மெத்தை காயப்போடச் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். மூட்டைப்பூச்சியும் முட்டையும் சாவதற்கு 50 பாகை அளவு வெப்பம் மெத்தையின் உள்வரைக்கும் போய் நிற்க வேண்டும். நானுஓயா வெயிலில் அது நடக்கிற காரியமா?

பெரட்டில் பெயர் வாசிக்காதீர்கள். இதை மன்றாடியே கேட்கிறேன். "இந்தக் காம்பராவுக்கு மூட்டைப்பூச்சி மருந்து" என்று நூறு பேர் முன்னால் சொன்னால், அடுத்த முறை எவரும் முறைப்பாடு சொல்ல மாட்டார்கள். மறைப்பார்கள், மறைத்தால் பெருகும். மூட்டைப்பூச்சிக்கு வேண்டியது இரத்தம். அழுக்கு வீடா, மெழுகிய வீடா என்று அது பார்ப்பதில்லை. 2023 இல் பரிஸ் நகரமே அதைப் பற்றிப் பதறியது. எல்லவிலும் நுவரெலியாவிலும் வெள்ளைக்காரர் தங்கும் விடுதிகளில் கட்டில் விரிப்பவர்கள் நம் லயத்துப் பெண்கள்தான். பூச்சி பையில் ஏறி மேலேயும் வரும், கீழேயும் போகும். விடுதிக்காரர் தம் பெயரைக் காப்பாற்ற ஓசைப்படாமல் பரிசோதிப்பார். அதே மரியாதையை லயத்துக்கும் கொடுங்கள்.

மூட்டைப்பூச்சி நோய் பரப்புவதாக நிரூபிக்கப்படவில்லை, ஆகவே இது அவசர விஷயமல்ல என்று ஒரு அதிகாரி என்னிடம் சொன்னார். முதற்பாதி சரி. ஆனால் சொறிந்த புண்ணில் சீழ் பிடித்துப் பிள்ளை வைத்தியசாலையில் படுத்தால் அது உங்கள் பதிவேட்டில் தோல் நோயாகத்தான் ஏறும். உறக்கமில்லாத பிள்ளை பரீட்சையில் விழுந்தால் அது எங்கள் பதிவேட்டில் ஏறும். பூச்சி எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

ஒரே நேரத்தில் எல்லாத் தோட்டத்திலும் தொடங்கச் சொல்லவில்லை. ஒரு தோட்டத்தில் ஒரு லயத்தைத் தெரிவுசெய்து, ஈரப் பஞ்சிலிருந்து ஆரம்பித்து, பொறி வைத்து, கிடைக்கும் பூச்சியைப் பேராதனைக்கு அனுப்புங்கள். பட்டி நம் பூச்சிக்கு வேலை செய்யும் என்று அவர்கள் சொன்னால் அடுத்த ஆண்டுக் கொள்வனவில் சேருங்கள். செய்யாது என்று சொன்னால் பொறியை வைத்தே சமாளிப்போம்.

வகுப்பில் பிடித்ததும், பிறகு பெற்றோர் தாங்களாகவே கொண்டுவந்து தந்ததுமாகச் சில பூச்சிகளை மதுசாரத்தில் போட்டு, எந்தத் தோட்டம் என்று போத்தலில் எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன். காம்பரா இலக்கமும் பெயரும் எழுதவில்லை. அவற்றை யாரிடம் ஒப்படைப்பது என்று சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை பரிசோதனைக்கு வருவதென்றால் துணைக்கு நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
தோட்டப் பாடசாலை விஞ்ஞான ஆசிரியர் ஒருவர்,
நுவரெலியா மாவட்டம்.